ஏட்டையாவும் உப்புக்கொத்தியும்

கலியமூர்த்தியை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஏட்டையாதான். பணியில் இருந்த காலம் முழுக்க தன்னிடம் பொய் சொல்லித் தப்பித்த ஆள் ஒருவரும் கிடையாது என்று அவரே சொல்லுவார். அவர் மனைவியும் அதை ஒப்புக்கொள்வார், ஒரு பெருமூச்சோடு.

அப்பேர்ப்பட்டவர் காக்கியைக் கழற்றி வைத்ததும் பறவைகள் மேல் பித்தாகிப் போனார். வெளியூரிலிருந்து வருகிறவர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்க் காயலையும் கழிமுகத்தையும் காட்டி வருகிற தையல்நாயகியைத் தேடிப் போனார்.

"என்னையும் சீடனா சேத்துக்குங்கம்மா."

தையல்நாயகி அவரைவிடப் பல வயது இளையவர். ஏட்டையா அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. இதைவிடச் சின்ன வயது அதிகாரிகளுக்கெல்லாம் சல்யூட் அடித்துப் பழகிய கை அது.

மழைக்காலம் போய்ப் பங்குனி வெயிலும் வந்துவிட்டது. ஏட்டையா படகு தள்ளக் கற்றுக்கொண்டார். நண்டின் தடத்தையும் நரியின் தடத்தையும் பிரித்துச் சொன்னார். புதருக்குள் பதுங்கும் பறவையைக்கூட, சந்தேகக் கேஸைப் பிடிப்பதுபோல் கண்ணாலேயே பிடித்துவிடுவார். ஆனாலும் தையல்நாயகி அவரை ஒருநாளும் தனியாக விருந்தாளிகளோடு அனுப்பவில்லை. அது அவரை உள்ளுக்குள் அரித்தது. ஒரே ஒரு நாளாவது படகின் முனையில் தான் மட்டும் நின்று, "அதோ பாருங்க" என்று நாலு பேருக்குக் காட்ட வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு மிச்சமிருந்த ஆசை அதுதான்.

அன்று விடிந்ததும் படகுத்துறையில் கேட்டேவிட்டார்.

"என்கிட்ட என்னம்மா குறை?"

"குறைன்னு யாரு சொன்னா?"

"அப்பறம் ஏன் தனியா அனுப்ப மாட்டேங்கிறீங்க? என் கண்ணுக்கு எதாச்சும் தப்புதா?"

"ஒண்ணும் தப்பாது."

"அப்பறம்?"

தையல்நாயகி படகுக்குள் கிடந்த தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். "திருவாரூர்லேர்ந்து ஒரு தம்பதி வர்றாங்க. நாள் முழுக்க அவங்களுக்கு மட்டும்தான் படகு. நீங்களும் வாங்க. சாயங்காலம் சொல்றேன்."

தம்பதி வந்து இறங்கினார்கள். சிவகுருநாதன், கமலாம்பாள். இரண்டு பேருக்கும் அறுபதைத் தாண்டியிருக்கும். சிவகுருநாதன் வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். கமலாம்பாள் அவர் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

"முட்டி வலிங்க. இவ புடிச்சுக்கலேன்னா விழுந்துடுவேன்" என்றார் சிவகுருநாதன், யாரும் கேட்காமலே.

யாரும் கேட்காமலே ஒருவர் காரணம் சொன்னால் ஏட்டையாவின் காது விடைத்துக்கொள்ளும். விடைத்துக்கொண்டது.

படகு புறப்படும் நேரத்தில் சிவகுருநாதன், "சாப்பாட்டுப் பையைக் காருலயே வச்சுட்டேன்" என்று இறங்கி ஓடினார். உண்மையிலேயே ஓடினார். பையை எடுத்துக்கொண்டு இளவட்டம்போல் திரும்பி ஓடி வந்தவர், படகை நெருங்கியதும் காலை இழுக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை இடது காலை.

ஏட்டையாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆள் ஒழுங்காகப் பொய் சொல்லக்கூடத் தெரியாதவர்.

காயலுக்குள் போனதும் சிவகுருநாதன் ஒரு புது பைனாகுலரை எடுத்து மனைவி கையில் கொடுத்தார். "கல்யாணம் ஆன வருஷமே பூநாரை காட்றேன்னு சொன்னேன். இப்பதான் வாய்ச்சுது. பாரு கமலம்."

கமலாம்பாள் அதைக் கண்ணில் வைத்துக்கொண்டார். "அடேயப்பா, எவ்வளவு அழகு!"

ஏட்டையா பார்த்தார். பைனாகுலரின் முன்பக்க மூடிகள் இரண்டும் கழற்றப்படாமல் அப்படியே இருந்தன. போதாக்குறைக்குப் பூநாரைகள் வடக்கே நின்றன. அம்மாள் கிழக்கே பார்த்து அதிசயப்பட்டுக்கொண்டிருந்தார்.

அவர் மெல்ல நகர்ந்து தையல்நாயகியின் காதோரம் போனார்.

"அம்மா, ரெண்டு பேருமே எதையோ மறைக்கிறாங்க. அந்தாளுக்கு முட்டியில ஒண்ணுமில்ல. இந்தம்மாவுக்குக் கண்ணே தெரியல. மூடியக்கூடக் கழட்டல. சொல்லிடட்டுமா?"

"கழியை எடுங்க ஏட்டையா. தண்ணி கொறையுது."

ஏட்டையா கழியை எடுத்துப் படகைத் தள்ளினார். ஆனால் கையில் வந்த கேஸை விட்டுவிட்டு வந்த மாதிரி அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

கழிமுகத்து மணல்திட்டில் இறங்கும்போது தையல்நாயகி வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

"இந்தத் திட்டுல உப்புக்கொத்தி முட்டை போடுற காலம் இது. கூடு எதுவும் கட்டாது. வெறும் மணல்ல, கிளிஞ்சலோட கிளிஞ்சலா கெடக்கும். அதனால நான் முன்னால போறேன். என் காலடியிலயே காலை வச்சு ஒருத்தர் பின்னால ஒருத்தரா வாங்க. வர்றப்பவும் அதே காலடிதான்."

முதலில் தையல்நாயகி. அடுத்து சிவகுருநாதன், நொண்டிக்கொண்டு. அவர் தோளைப் பிடித்தபடி கமலாம்பாள். கடைசியில் ஏட்டையா.

சிவகுருநாதன் நடந்துகொண்டே பேசினார். "யம்மா, என் முட்டி! இங்க ஒரு பள்ளம் கமலம், எனக்குக் கால் எறங்குது. புடிச்சுக்க. அப்படித்தான்." கமலாம்பாள் அந்தப் பள்ளத்தில் பதமாகக் கால் வைத்து இறங்கினார்.

திடீரென்று கமலாம்பாள் நின்றார்.

"ஏதோ அழுவுதே."

மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்டது. மெல்லிய, கிறீச்சென்ற குரல். மணல் நிறத்தில் ஒரு சின்னப் பறவை அவர்களுக்கு முன்னால் வந்து விழுந்தது. ஒரு இறக்கையைத் தரையில் பரப்பி, ஒருக்களித்து, இழுத்துக்கொண்டே போனது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்து மறுபடி கத்தியது.

"இறக்கை ஒடிஞ்சுபோச்சு கமலம். தரையில இழுத்துக்கிட்டே போவுது பாரு."

"ஐயோ பாவமே! யாராச்சும் எடுங்களேன்."

ஏட்டையாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"ஒண்ணும் பாவம் இல்லம்மா. அத்தனையும் நடிப்பு! இறக்கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முட்டை இருக்கற எடத்துலேர்ந்து நம்மளைத் தள்ளிக் கூட்டிட்டுப் போறதுக்காகப் போடுற வேஷம். எங்கிட்டயா? அது இந்தப் பக்கம் இழுக்குதுன்னா முட்டை அந்தப் பக்கம். வாங்க, நான் காட்றேன்."

சொல்லிக்கொண்டே காலடி வரிசையை விட்டுக் காலை எடுத்து வெளியே வைக்கப் போனார்.

"ஏட்டையா!"

தையல்நாயகி குரல் உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது.

"கீழ வைக்காதீங்க. அப்படியே பின்னால வாங்குங்க."

ஏட்டையா காலைப் பின்னால் வாங்கினார்.

"எல்லாரும் நின்ன எடத்துலயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, தையல்நாயகி அலை வந்து நனைக்கிற ஈரமணலில் இறங்கி அந்தப் பறவைக்குப் பின்னால் போனார். சும்மா போகவில்லை. குனிந்து, இரண்டு கையையும் நீட்டி, பிடிக்கப் போகிறவர்போல் போனார். பறவை நழுவியது. தையல்நாயகி தடுமாறினார். பறவை இன்னும் மோசமாக நொண்டியது. தையல்நாயகி எட்டிப் பிடிக்கப் பார்த்துத் தவறவிட்டார். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்தது. பார்க்கச் சிரிப்பாக இருந்தது. ஏட்டையாவுக்கு வெட்கமாகவும் இருந்தது. தன் குருவை ஒரு குருவி இப்படி முட்டாளாக்குவதை எந்தச் சீடனால் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

வெகுதூரம் போன பிறகு பறவை ஜம்மென்று எழுந்து பறந்தது. தையல்நாயகி இடுப்பில் கை வைத்து, ஏமாந்துபோனவர்போல் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் ஈரமணல் வழியாகவே திரும்பி வந்தார்.

வந்தவர் ஏட்டையாவைப் பார்த்தார். பிறகு அவர் கால் வைக்கப் போன இடத்தைப் பார்த்தார். ஏட்டையாவும் அங்கே பார்த்தார்.

முதலில் கிளிஞ்சல்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தபோது மணல் நிறத்தில், கறுப்புப் புள்ளி வைத்த மூன்று முட்டைகள். அவர் பாதம் இறங்கியிருந்தால் மூன்றுமே போயிருக்கும்.

ஏட்டையா இரண்டு காலையும் ஒரே காலடிக்குள் ஒடுக்கிக்கொண்டார்.

"முட்டையைக் காட்றேன்னு சொன்னீங்களே?" என்று சிவகுருநாதன் ஆவலாகக் கேட்டார்.

"படகுக்குப் போவோம் ஐயா. வெயில் ஏறுது. நாம போனாத்தான் அது வந்து முட்டைக்கு நிழல் குடுக்கும்" என்றார் தையல்நாயகி.

வந்த காலடியிலேயே திரும்பினார்கள்.

தண்ணீருக்குள் வந்து, தம்பதி சாப்பாட்டைப் பிரித்த பிறகுதான் ஏட்டையா வாயைத் திறந்தார்.

"அது நடிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும்தானேம்மா?"

"தெரியும்."

"முட்டை இருந்த எடமும் தெரியும்."

"அப்பதான் பாத்தேன்."

"என்னை நிறுத்தினதோட விட்டிருக்கலாமே. அது பின்னால எதுக்கு அவ்வளவு தூரம் ஓடினீங்க?"

தையல்நாயகி புடவையைப் பிழிந்தார். "நான் ஏமாறலேன்னா, அது எப்பதான் வீட்டுக்குப் போறது?"

ஏட்டையா கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே வந்தார்.

திரும்பும் வழியில் பூநாரைக் கூட்டம் இன்னும் பக்கத்தில் தெரிந்தது. கமலாம்பாள் பைனாகுலரை எடுத்துக் கண்ணில் வைத்தார். மூடிகள் அப்படியே இருந்தன. சிவகுருநாதன் அவர் முழங்கையை மெல்லத் தொட்டுக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார்.

"நல்லாப் பாரு. காலெல்லாம் செவப்பு. ஒண்ணு மட்டும் தனியா நின்னு தலையைத் தண்ணிக்குள்ள கவுத்துக்கிட்டு மேயுது. அதுக்குப் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒண்ணு. குஞ்சு போலருக்கு. அம்மாவை விட்டு நகர மாட்டேங்குது."

"தெரியுதுங்க. நல்லாத் தெரியுது."

ஏட்டையா பூநாரையைப் பார்க்கவில்லை. சிவகுருநாதனைப் பார்த்தார். சொல்லிக்கொண்டிருந்தபோதே சிவகுருநாதனின் கண் ஒருமுறை அந்தக் கறுப்பு மூடிகளில் போய் நின்றது. நின்று, மறுபடி பூநாரைக்குத் திரும்பியது. கை அதைக் கழற்றப் போகவில்லை.

அவருக்கும் தெரியும்.

மனைவிக்குக் கண் போய்விட்டது என்று தெரியும். அந்த அம்மாள் அதை மறைக்கிறார் என்பதும் தெரியும். கையைப் பிடித்துக் கூட்டிப் போனால் விஷயம் வெளியே வந்துவிடும். அதனால்தான் தன் காலை நொண்டியாக்கி, மனைவி கையில் தன் கையைக் கொடுத்திருக்கிறார்.

ஏட்டையாவுக்குக் கண் கரித்தது. உப்புக்காற்று என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

கரையில் இறங்கியதும் சிவகுருநாதன் காரைத் திறக்கப் போனார். கமலாம்பாள் படகைப் பிடித்தபடி, குரல் வந்த திசையை வைத்து ஏட்டையாவின் பக்கம் திரும்பினார்.

"உங்களை ஒண்ணு கேக்கணும். அந்தக் குருவியோட நடிப்பையே கண்டுபுடிச்சவரு நீங்க. அவரு மறைக்கிற ஆளு, கேட்டா சொல்ல மாட்டாரு. நாள் பூரா அவரு நடையைப் பாத்திருப்பீங்க. முட்டி ரொம்ப மோசமாவா இருக்கு?"

ஏட்டையா வாயைத் திறந்தார். பணிக்காலம் முழுக்க உண்மையை மட்டுமே பிடுங்கிப் பழகிய வாய். வார்த்தை வரக் கொஞ்சம் சிரமப்பட்டது.

"மோசந்தாம்மா."

"அப்படியா?"

"நான் பாத்தேன்ல. ரொம்ப சிரமப்பட்டுத்தான் நடக்குறாரு. நீங்க கையை மட்டும் விட்றாதீங்க."

கமலாம்பாள் தலையை ஆட்டினார். பிறகு சிரித்தார். "விட மாட்டேன்" என்றார்.

சிவகுருநாதன் நொண்டிக்கொண்டே வந்தார். கமலாம்பாள் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒருவரை ஒருவர் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் போனார்கள்.

தையல்நாயகி படகைக் கரையேற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஏட்டையா பக்கத்தில் போய்க் கைகட்டி நின்றார்.

"அம்மா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்."

"கேட்டுச்சு."

"பழக்கம் இல்லாத வேலை."

"அந்தம்மா நம்புனாங்களா?"

"நம்பாம? தலையை ஆட்டி, சிரிச்சு..."

ஏட்டையா பாதியில் நிறுத்தினார். யாருக்கும் கேட்காத உப்புக்கொத்தியின் குரல் முதலில் யார் காதில் விழுந்தது என்று அவருக்கு நினைவு வந்தது. அப்படிப்பட்ட காதுக்கு, கூடவே நடக்கிற புருஷனின் நொண்டல் வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறியது கேட்டிருக்காதா? அந்தச் சிரிப்பைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். இந்தப் பக்கமாகப் பார்த்தால் ஒன்று தோன்றியது, அந்தப் பக்கமாகப் பார்த்தால் வேறொன்று. கார் போய் மறைந்த பாதையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"தெரியலம்மா" என்றார் கடைசியில்.

தையல்நாயகி முடிச்சை இறுக்கிவிட்டு நிமிர்ந்தார். மணலில் கிடந்த கழியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"அப்ப நாளைக்கு வர்றவங்களை நீங்களே தனியா கூட்டிட்டுப் போங்க."