அகர வரிசை

தேனியில் வேதவல்லியிடம் டிசைன் கற்றுக்கொண்டவர்களில் கருணாகரன் ஒருவன்தான் குருவைவிடப் பத்து வயது மூத்தவன். தலை நரைத்த பிறகும் அவன் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். அவர் அவனை அண்ணே என்பார்.

அன்று மத்தியானம் வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே சொன்னான். "டீச்சர், இந்தத் தொழில் எனக்கு ஒத்துவரலை. விட்டுறலாம்னு இருக்கேன்."

கம்பெனி வேலை போனபின் வீட்டிலிருந்தபடியே டிசைன் செய்து பிழைக்கிறவன் அவன். வேலை சுத்தமாக இருக்கும். சொன்ன நாளுக்கு முன்பே கொடுப்பான். ஆனாலும் வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மாட்டுத்தீவனக்காரர் போனார், பல் டாக்டர் போனார். யாரும் குறை சொல்லவில்லை. எல்லோரும் "நல்லாருக்கு சார்" என்றுதான் சொன்னார்கள், அப்புறம் போன் வராது. அந்தச் சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் அவன் வேறு ஆள் தேட ஆரம்பித்துவிடுவான்.

கடைசியாக மிஞ்சியவர் டைல்ஸ் கடை சௌந்தரபாண்டி. அவரை விட்டால் வேறு நாதி இல்லை. அவர் மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். மண்டபத்து வாசலுக்கு ஒரு பேனர் கேட்டார். இதில் அசத்திவிட்டால் மனுஷன் ஆயுசுக்கும் நம்மை விடமாட்டார் என்று கருணாகரன் மனக்கோட்டை கட்டினான்.

காதுகுத்து பேனர் எப்படி இருக்கும் என்று யாருக்குத் தெரியாது? தாய்மாமன் மீசையை முறுக்கிக்கொண்டு ஆளுயரத்துக்கு நிற்பார். அவரைச் சுற்றி ஐம்பது தலைகள். பிள்ளையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கருணாகரன் அத்தனை தலையையும் தூக்கிவிட்டான். நடுவில் பிள்ளையின் முகம் மட்டும், சுற்றிலும் வெள்ளை. சொந்தபந்தங்களின் பெயர்களை அடியில் பொடி எழுத்தில் போட்டான். ஒருவருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதென்று அகர வரிசையில் அடுக்கினான். செல்போனில் பார்த்த சௌந்தரபாண்டி "நல்லாருக்கு சார்" என்றார்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. அய்யாத்துரை என்ற தூரத்துப் பங்காளி வரிசையில் முதல் ஆளாக நின்றார். தாய்மாமன் பெயர் வைரவன்.

விழாவன்று வைரவன் மேளதாளத்தோடு சீர் கொண்டுவந்தார். பேனர் முன்னால் நின்று தன் பெயரைத் தேடினார். பங்காளிகள் எல்லோருக்கும் பின்னால், கடைசியில் இருந்தது. கொண்டுவந்த தட்டோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு சௌந்தரபாண்டி கருணாகரனின் போனை எடுக்கவில்லை.

"கடை விளம்பரத்துக்கு நாலு மாதிரி புதுசா போட்டு அனுப்பிட்டேன் டீச்சர். காலண்டர் சும்மாவே செஞ்சு தரேன்னு சொல்லிப் பாத்துட்டேன். பதிலே இல்லை. வீட்ல அவ எதுவும் கேக்கறதையே விட்டுட்டா. அதைத்தான் தாங்க முடியலை." செல்போனை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு வைத்தான். "ஒரு ஆளை அசத்தி, கையை விட்டுப் போகாம எப்படித்தான் வச்சுக்கிறது?"

வேதவல்லி பேனரைக் காட்டச் சொன்னார். விழாவன்று மண்டபத்தில் அவனே எடுத்த படங்கள் செல்போனில் நிறைய இருந்தன. தூரத்திலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வெயில் விழும்போது ஒன்று. எல்லாவற்றிலும் பேனர்தான்.

"அழகா இருக்குண்ணே" என்றார்.

"நீங்களும் அதையே சொல்றீங்களே டீச்சர்" என்றான்.

வேதவல்லி ஒரு படத்தை விரலால் பெரிதாக்கினார். ஓரத்தில் பட்டு வேட்டி கட்டிய ஒருவரின் முதுகு தெரிந்தது. கையில் தட்டு, தட்டில் ஒரு சின்னப் பட்டுப்பாவாடை. தன் படத்தில் அது விழுந்திருப்பதைக் கருணாகரன் அப்போதுதான் பார்த்தான்.

"பிள்ளைக்குக் காது குத்தினாங்களா?"

"குத்திட்டாங்க டீச்சர். நல்ல நேரம் தப்பிரக் கூடாதுன்னு."

"மாமன்தான் போயிட்டாரே. யார் மடியில உக்காந்துச்சு?"

கருணாகரன் யோசித்தான். உள்ளே பிள்ளை வீறிட்டு அழுதது ஞாபகம் இருந்தது.

"தெரியலையே டீச்சர்."

"நீங்க அங்கதானேண்ணே இருந்தீங்க?"

அவன் செல்போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அந்த முதுகையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.