காவிக்குள் காணாமல் போன பக்கம்

ஆசிரமத்துக் குரு நிறைமதி அம்மாவுக்கு நாற்பது வயதுதான் இருக்கும். சீடர் குலசேகரனுக்கு அறுபத்தைந்து. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று ஆசிரமத்துக்கு வந்த மனுஷன், காவி மட்டும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"பௌர்ணமி அன்னைக்குப் பார்க்கலாம்," என்றார் அம்மா. "அதுக்குள்ள உங்களால விட முடியாதது எதுன்னு ஒரு பக்கம் எழுதிக் காட்டுங்க."

ஆசிரமத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார் குலசேகரன். எழுதினாரா? அதுதான் இல்லை. வெள்ளைத் திரையும் கறுப்பு எழுத்தும் அவருக்கு ஆபீஸை ஞாபகப்படுத்தித் தொலைத்தன. நிறம் மாற்றும் இடத்தைத் தேடிப் பிடித்தார். திரைக்குச் சந்தன நிறம், எழுத்துக்குக் காவி. எழுத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அதன்மேல் ஒரு பட்டை விழுமே, அது நீலமாக இருந்தது. ஆசிரமத்தில் நீலத்துக்கு என்ன வேலை? பட்டைக்கும் காவி, பட்டைக்குள் தெரியும் எழுத்துக்கும் காவி. தனக்கு இன்னும் கிடைக்காததைக் கம்ப்யூட்டருக்குக் கட்டிவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி.

நிறம் பார்த்தே நாள் ஓடிவிட்டது. பௌர்ணமிக்கு முந்தின நாள் மத்தியானம்தான் எழுதத் தொடங்கினார். வீட்டை விட்டேன், பதவியை விட்டேன், காலை ஃபில்டர் காபியைக்கூட விட்டேன், இனி விட முடியாதது என்று எதுவும் இல்லை. படித்துப் பார்த்தார். அவருக்கே கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நல்ல பக்கத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாமே என்று முழுவதையும் தேர்ந்தெடுத்தார்.

பக்கத்தைக் காணோம். திரையில் வெறும் காவிதான் இருந்தது.

அவர் போட்ட கூச்சலில் அம்மா வந்துவிட்டார். குலசேகரன் மவுஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"போயிடுச்சும்மா."

"எது?"

"நான் விட்டதெல்லாம்."

"விட்டதுதானே. போகட்டும்."

"ஐயோ, விட்டதைப் பத்தி எழுதினதும்மா. நாளைக்குக் காட்ட வேண்டியது."

"கையை எடுங்க."

"எடுத்தா மிச்சமும் போயிடும்."

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அம்மா மவுஸை வாங்க வேண்டியிருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். பட்டை விலகியது. வீடு, பதவி, காபி எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

அம்மா பக்கத்தைக் கடைசிவரை படித்தார். ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை.

"எங்கே போயிருந்துச்சும்மா?"

"எங்கயும் போகல. எழுத்தும் காவி, மேல போத்தினதும் காவி. கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

குலசேகரன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"அப்போ நாளைக்கு எனக்குக் காவி..."

அம்மா மவுஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"கட்டிவிடலாம். அப்புறம் உள்ளே தாசில்தார் இருக்காரா, போயிட்டாரான்னு பார்க்க நான் எங்கே தட்டுறது?"