தூக்க மறுத்த பிலோமி

ஒருத்தி தூக்கினாள்; ஒருத்தி தூக்க மாட்டேன் என்றாள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், தீர்ப்பு உங்களுடையது.

தூத்துக்குடியில் கடலோரமாக ஒரு முதியோர் இல்லம் இருந்தது. வாசல் சுவரில் 'அன்புக் கரங்கள் தாங்கும்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எழுதச் சொன்னவர் மேலாளர் திரவியராஜ். காலைதோறும் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் வளர்த்த தோள்கள் அவருக்கு. அந்தத் தோள்கள் இல்லத்தில் ஒரு கிழவரைக்கூடத் தாங்கியதில்லை. நர்ஸ் பிலோமி வேலைக்குச் சேர்ந்த சில நாளிலேயே இதைக் கண்டுகொண்டாள்.

முன்கூடத்தில் ஒரு தூக்கு எந்திரம் நின்றது. நடக்க முடியாதவரைத் துணித்தொட்டிலில் கிடத்திக் கைப்பிடியைப் பம்புபோல் அடித்தால், மெல்ல உயர்த்திக் கட்டிலில் இறக்கிவிடும். யாரோ புண்ணியவான் கொடுத்த நன்கொடை. திரவியராஜ் அதற்குக் கண்ணாடித்தாள் சுற்றி, பட்டு நாடா கட்டி, வருகிறவர்கள் கண்ணில் படும்படி நிறுத்தியிருந்தார். உள்ளே பெண்கள் கிழடுகளைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கித் தூக்கி, இடுப்பு விட்டுப்போய், ஒவ்வொருத்தியாக வேலையை விட்டுப் போனார்கள். போனவர்களை "சேவை மனசு இல்லாததுங்க" என்று அவர் ஏசுவார்.

"பிரிச்சுத் தாங்க சார். இதுல ஆளைத் தூக்க எனக்குத் தெரியும், மத்தவங்களுக்கும் சொல்லித் தாரேன்" என்று பிலோமி பலமுறை கேட்டாள்.

"பிரிச்சா பழசாயிரும் சிஸ்டர்" என்றார் அவர்.

பிலோமிக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்பட எதிரே ஒரு மனிதர் இருக்க வேண்டுமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூபாலராயரைப் பார்க்க மஸ்கட்டிலிருந்து அவருடைய மகள் சில்வியா வருவதாக இருந்தது. ராயர் ஒருகாலத்தில் விசைப்படகுகள் வைத்திருந்தவர். வாதம் ஒரு பக்கத்தை இழுத்துக்கொண்ட பிறகும் உடம்பின் கனம் மட்டும் குறையவில்லை. வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், சீப்பை எட்டி எடுக்கப்போய்த் தரையில் சரிந்தார்.

பிலோமி ஓடிவந்து தலை, இடுப்பு, கால் எல்லாம் தொட்டுப் பார்த்தாள். அடி ஒன்றும் இல்லை. தலைக்குத் தலையணை வைத்து, வேட்டியைச் சரிசெய்தாள். பின்னாலேயே பணிப்பெண் முப்பிடாதியும் திரவியராஜும் வந்தார்கள்.

"கார் வாசலுக்கு வந்தாச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடிச்சுத் தூக்குங்க, சீக்கிரம்!"

"மாட்டேன் சார். இவரை நாங்க ரெண்டு பேரு தூக்க முடியாது. அவருக்கும் ஆபத்து, எங்களுக்கும் ஆபத்து. நான் இவரை விட்டு நகர முடியாது, முன்கூடத்துல நிக்கிற எந்திரத்தை நீங்க தள்ளிட்டு வாங்க."

"அதை இப்பப் போய்ப் பிரிக்கணுமா? அந்தம்மா பாக்கட்டும்னுதான் துடைச்சு வச்சிருக்கேன்!" அவருடைய இரண்டு கைகளும் கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தன.

ராயருக்கு அழுகை வந்துவிட்டது. "பிலோமி, ஏ மவளே, நான் தரையில கெடக்கிறத எம்மவ பாக்கக் கூடாதும்மா."

பிலோமி அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். "நானும் உங்ககூடத் தரையிலதான் இருக்கேன் அய்யா. மக வரட்டும். நாம ரெண்டு பேரும் உக்காந்து பேசிட்டு இருக்கோம்னு நினைச்சுக்கிடட்டும்."

முப்பிடாதிக்குப் பொறுக்கவில்லை. "பெரிய மனுசரு அழுதாரு, இதுக்கு மேல என்ன பேச்சு? தள்ளுங்க சிஸ்டர், நான் தூக்குதேன்."

"வேண்டாங்க்கா, விடுங்க!"

அதற்குள் முப்பிடாதி அவருடைய கக்கங்களில் கைகொடுத்து இழுத்துவிட்டாள். பாதி உயரம் வந்ததும் அவளுடைய இடுப்பில் ஏதோ பிடித்தது. "ஐயோ" என்று மடிந்தாள். ராயர் பிலோமியின் மடியில் விழுந்ததால் தலை தப்பியது, தோள்பட்டை பிசகிவிட்டது. சில்வியா உள்ளே வந்தபோது மூன்று பேர் தரையில் கிடந்தார்கள். ஒருவர் நின்றார்.

பிலோமி ராயரை மகளிடம் விட்டுவிட்டு எழுந்து போய், பட்டு நாடாவோடு கண்ணாடித்தாளைக் கிழித்து எறிந்துவிட்டு எந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வலித்த தோளை அசக்காமல் ராயரைக் கட்டிலில் சேர்த்தது அது. திரவியராஜ் சில்வியாவின் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மேடம், எல்லாம் நவீன வசதி" என்றார். கூச்சம் என்பதை அந்த மனிதர் கேள்விப்பட்டதே இல்லை.

முப்பிடாதிக்குத் தியாகி என்று ஒரு பொன்னாடை கிடைத்தது. கூடவே, இனி வர வேண்டாம் என்ற சொல்லும். சில்வியா பிலோமியிடம், "ஒரு கிழவர் அழும்போது சட்டம் பேசுன ஆளு நீ" என்றாள். ராயரே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அவ தூக்குனா. நீ தூக்கல" என்றார். பிலோமிக்கு அதுதான் சுட்டது.

முப்பிடாதியைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனாள். பாயில் புரளவும் முடியாமல் கிடந்தவள் கேட்டாள்: "நீங்க ஒரு கை போட்டிருந்தா எனக்கு இந்தக் கெதி வந்திருக்குமா சிஸ்டர்?"

பிலோமி அவளுடைய இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரங்கித் தூக்கினாள் முப்பிடாதி. இரங்கியும் தூக்க மறுத்தாள் பிலோமி. இந்த இருவரில் யார் செய்தது சரி?

விடை: பிலோமி செய்ததே சரி. அடிபடாத மனிதர் தரையில் சற்று நேரம் கிடந்தால் மனம் நோகும், உயிர் போகாது. அந்த நோவுக்கும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து போட்டாள். அவள் கைகொடுத்திருந்தால் பாயில் கிடப்பவர்கள் இருவராகியிருப்பார்கள், பொன்னாடையும் இரண்டாகியிருக்கும். முப்பிடாதியின் இரக்கம் பெரிதுதான். ஆனால் அது ராயரை ஒரு விரற்கடைகூட மேலே சேர்க்கவில்லை, தோளைத்தான் பிசக வைத்தது. அவள் கேட்ட கேள்வியிலும் நியாயம் உண்டு, ஆளைத்தான் மாற்றிக் கேட்டுவிட்டாள். திரவியராஜை இந்தப் போட்டியில் ஏன் சேர்க்கவில்லை என்கிறீர்களா? சரி எது, தப்பு எது என்று மனிதர்களிடம்தான் பார்க்க முடியும். அவர் அந்த அறையில் இன்னொரு நாற்காலி. அதிலும் யாரும் உட்கார முடியாத நாற்காலி.