மயில் தின்ற அப்பம்

ரொம்ப காலத்துக்கு முன்னால் தேன்வரை நாட்டை மகிழ்மாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஓர் ஆசை, மத்தியானம் ஓர் ஆசை. திடீரென்று ஒருநாள் அரண்மனை மயில்கள் ஐம்பதுக்கும் வெள்ளிக் கொலுசு போடச் சொன்னான். மறுவாரம் பட்டத்து யானைக்கு ஊஞ்சல் கட்டச் சொன்னான். யானை ஏற மாட்டேன் என்று படுத்துக்கொண்டது. செலவு ஆனதுதான் மிச்சம்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வந்தது? மலையிலிருந்து.

கல்வரை மலைக்குடிகள் ஒரு சொக்கட்டான் கூடம் நடத்தினார்கள். பல நாட்டு வணிகர்கள் அங்கே வந்து பகடை உருட்டினார்கள். வரும்படியில் கால் பங்கு ராஜாவுக்கு. அதைக் கொண்டு ராஜா மலைப் பள்ளத்துக்கு மேலே பாலமும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டித்தர வேண்டும். இதுதான் ஒப்பந்தம். ஆறு வருஷமாகப் பங்கு தவறாமல் வந்தது. பாலம்தான் வரவில்லை. இருந்த மூங்கில் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்புறம் வணிகர்கள் வருவார்களா? வரும்படி பாதியாகிவிட்டது.

ராஜா சபையில் குதித்தான். “எங்கே என் பணம்?”

பொக்கிஷ அதிகாரி தாண்டவராயர் எழுந்தார். அமைச்சர் எட்டியப்பரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். “மலைக்காரர்கள் ஒளிக்கிறார்கள், மகாராஜா! அமைச்சருக்கு அவர்கள் வேண்டியவர்கள், அதனால் வாய் திறக்க மாட்டார். கூடத்தையே பறித்து என்னிடம் கொடுங்கள், நான் நடத்திக் காட்டுகிறேன்.”

முறையிட வந்திருந்த மலைத் தலைவி வெள்ளச்சி முன்னால் வந்தாள். “ராஜா, அந்தக் கூடம் எங்க சோறு. பறிச்சா நாங்க எங்க போவோம்? பாலம் இல்லாம போன மாசம் என் மருமகளைப் பிரசவ வலியோட கூடையில வச்சுக் கயித்துல இழுத்தோம்.”

“அப்படியானால் நான் வாங்கிய பணம் எங்கே போயிற்று?” என்றான் ராஜா.

“கணக்கைப் படிக்கட்டுமா, அரசே?” என்றார் எட்டியப்பர்.

“வேண்டாம்! கணக்கைக் கேட்டால் எனக்குக் கொட்டாவி வரும். ஓலையைப் பிரிக்காமல் மூன்று நாளில் எனக்குப் புரியவையும். முடியாவிட்டால் கூடம் தாண்டவராயருக்கு, உமது பதவியும் அவருக்கே!”

“அப்படியே ஆகட்டும், அரசே. மலைக்குப் போய்ச் சொக்கட்டான் ஆடுவோமா?”

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே கிளம்பினார்கள். அமைச்சர் எதற்கோ ஒரு மயிலையும் தூக்கிக்கொண்டார். பள்ளத்தைக் கூடையில்தான் கடக்க வேண்டியிருந்தது. ராஜா கைகொட்டி, “இன்னொரு தடவை!” என்று கத்தினான். தாண்டவராயர் கண்ணை மூடிக்கொண்டு தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டார். பெயர்கள் தீர்ந்துபோனதும் மாமியாரைக் கூப்பிட்டார்.

போய்ச் சேர்ந்தபோது எல்லாருக்கும் அகோரப் பசி. கூடத்தில் தேன் ஊற்றிய தினை அப்பம் மணத்தது.

“பன்னிரண்டு விழுந்தால் பத்து அப்பம், அரசே. இன்றைக்கு அப்பத்துக்கு நான்தான் பொக்கிஷ அதிகாரி. நம் பொக்கிஷத்தில் என்ன வழக்கமோ அதே வழக்கம்” என்றார் எட்டியப்பர்.

ராஜா உருட்டினான். பன்னிரண்டு! துள்ளி எழுந்து கையை நீட்டினான்.

“பொறுங்கள், அரசே. மயில் கொலுசுக்கு மூன்று” என்று அமைச்சர் மயில் முன்னால் வைத்தார். அது கொத்தித் தின்றது. “ஊஞ்சலுக்கு மூன்று. யானை கூடைக்குள் அடங்கவில்லை, அதனால் ஒதுக்கி வைக்கிறேன். பொக்கிஷ அதிகாரியின் மேற்பார்வைக் கூலிக்கு நான்கு.” அவற்றைத் தாண்டவராயரிடம் நீட்டினார். பசியில் அவர் எதையும் யோசிக்கவில்லை. வாங்கி வாயில் திணித்துக்கொண்டார்.

“எனக்கு?”

“உருட்டுங்கள், அரசே.”

மறுபடி பன்னிரண்டு. மறுபடி மயில், யானை, மேற்பார்வை. மூன்றாம் முறையும் அப்படியே. மயிலால் நடக்க முடியவில்லை. தாண்டவராயர் இடுப்புக்கச்சையைத் தளர்த்திக்கொண்டார்.

ராஜா பகடையை வீசியெறிந்தான். “என்ன அநியாயம்! ஜெயித்தது நான்! தின்பது இவனா?”

“ஆமா ராஜா,” என்றாள் வெள்ளச்சி. “ஆறு வருஷமா நாங்களும் ஜெயிச்சுக்கிட்டேதான் இருக்கோம்.”

ராஜாவின் முகம் சிவந்தது. பள்ளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில் கேட்டான்: “உன் மருமகளுக்கு என்ன ஆயிற்று?”

“நடுப் பள்ளத்துல, கூடையிலயே பேத்தி பிறந்தா. ரெண்டு பேரும் தப்பிச்சாங்க.”

“மகாராஜா, மேற்பார்வை என்றால்...” என்று தாண்டவராயர் தொடங்கினார். மோவாயில் தேன் வழிந்தது.

“முதலில் மென்று விழுங்கும்!” என்றான் ராஜா. கூடம் அதிரச் சிரித்தது.

“கொலுசும் ஊஞ்சலும் என் தப்பு. இனி மலைப் பங்கு முதலில் பாலத்துக்கு, அடுத்து பள்ளிக்கூடத்துக்கு. வெள்ளச்சி சரி என்று சொன்ன பிறகே மிச்சம் என்னிடம் வரட்டும். தாண்டவராயரே, பாலம் முடியும்வரை நீர் இங்கேயே கல் சுமக்கிறீர். மேற்பார்வையை இந்த அம்மாள் பார்த்துக்கொள்வாள்.” தன் முத்துமாலையைக் கழற்றி எட்டியப்பர் கழுத்தில் போட்டான். அவரோ, “அரசே, எனக்கும் பசிக்கிறது” என்றார்.

பாலம் ஐந்தே மாதத்தில் எழுந்தது. அதில் முதலில் ஓடியது ராஜாதான். ஓடியது பாலத்தைப் பார்க்க அல்ல, பகடை உருட்ட. அன்றைக்கு ஒரு பன்னிரண்டுகூட விழவில்லை. வெள்ளச்சி ஒரு காசும் தள்ளுபடி செய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டதே ராஜா அன்று தோற்ற பணத்தில்தானாம்.