மூடாத புகார்

மலையடிவாரத்து ஆசிரமத்தின் வேனில் ஓர் இன்டர்நெட் பெட்டி இருந்தது. வியாழன்தோறும் குரு தவமணி அம்மாள் அந்த வேனைத் தானே ஓட்டிக்கொண்டு உச்சி ஊருக்குப் போவார். சேலத்து மருத்துவர் திரையில் வந்து நோயாளிகளைப் பார்ப்பார்.

மூன்று வாரமாகப் பத்தாவது வளைவைத் தாண்டினால் பெட்டி மூச்சுத் திணறி நின்றுவிடுகிறது. மூன்று முறை புகார் செய்தாயிற்று. மூன்று முறையும், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, நன்றி என்று கொஞ்சமும் கூசாமல் செய்தி வந்தது.

தீர்த்தது யாரென்று சீடர் புகழேந்திக்கு மட்டும் தெரியும். குருவைவிட இருபது வயது மூத்தவர். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஃபைல்களை மூடியே பழகிய கை. போனுக்கு வரும் நாலு இலக்க எண்ணைச் சொன்னால்தான் கம்பெனி ஒரு புகாரை மூடும். டெக்னீஷியன் தேவசகாயம் அடிவாரத்திலேயே பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்குள் மூடாவிட்டால் வேலை போய்விடும் என்று கையைப் பிசைவார். புகழேந்திக்கு மனசு இளகிவிடும். எண்ணைச் சொல்லிவிடுவார்.

நாலாவது முறை தேவசகாயம் வந்தபோது அம்மாள் பக்கத்திலேயே நின்றார். வேறு வழியில்லாமல் புகழேந்தி உண்மையை ஒப்புக்கொண்டார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டார்.

“எதையும் பிடிச்சுக்க வேண்டாம்னு நீங்கதானேம்மா சொல்றீங்க? இவர் பாவம், பிள்ளைகுட்டிக்காரர். நாலு நம்பரை விட்டுக்கொடுத்தா என்ன?”

அம்மாள் இருவரையும் வண்டியில் ஏறச் சொன்னார்.

உச்சியில் காளியம்மை காத்திருந்தாள். ஏழு மாதம். மூன்று வாரமாக வந்து வந்து ஏமாந்து திரும்பியவள். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. திரையில் மருத்துவர் ஒரு கணம் தெரிந்தார். அவள் காலைப் பார்த்ததும் முன்னால் குனிந்தார்.

“உடனே…” என்றார். அத்தோடு திரை உறைந்துபோயிற்று.

“வேலை முடிஞ்சுதா, தம்பி?” என்று அம்மாள் தேவசகாயத்தைக் கேட்டார். அவர் காளியம்மையின் பையை வாங்கிக்கொண்டு அவளைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார்.

அம்மாள் வண்டியைக் கீழே விரட்டினார். பத்தாவது வளைவில் சிக்னல் வந்ததும் புகழேந்தி மருத்துவரைக் கூப்பிட்டார். நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கள், வாசலில் நிற்கிறேன் என்றார் மருத்துவர்.

பேசி முடிப்பதற்குள் கம்பெனி மேலாளர் கூப்பிட்டார். குரலில் தேன் சொட்டியது. எண்ணைச் சொன்னால் புகாரை மூடிவிடலாமாம். சொல்லாவிட்டால் நாளை முதல் இணைப்பே கிடையாதாம். எங்கே போய் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமாம்.

புகழேந்திக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் முப்பது வருஷப் பழக்கம் லேசில் விடுமா?

“இணைப்பையே பிடுங்கிடுவாராம். இந்த ஒரு தடவை மட்டும் விட்டுக்கொடுத்துடலாமாம்மா?”

அம்மாள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பிடுங்கிட்டுப் போகட்டும். தீர்ந்துபோச்சுன்னு எழுத மட்டும் விடமாட்டேன். வீங்கியிருக்கறது உங்க காலா, என் காலா? போனைக் காளியம்மைகிட்ட கொடுங்க.”