பிளாட்பாரத்தோடு ரயிலேறியவர்கள்

பனைக்குளத்தூரிலிருந்து மேலக்கோட்டைக்கு ரயில் கட்டணம் பத்து ரூபாயிலிருந்து இருபதாக உயர்ந்தபோது, ஊரில் எல்லாரும் நாலு வார்த்தை திட்டிவிட்டு டிக்கெட் எடுத்துக்கொண்டார்கள். மேலக்கோட்டைக் குடைக் கம்பெனியில் வேலை பார்த்த நான்கு பேர் மட்டும் யோசிக்க ஆரம்பித்தார்கள். வினை அங்கேதான் பிடித்தது.

நால்வரில் தங்கப்பழத்துக்குத்தான் கவலை அதிகம். குடைக்குக் கம்பி மாட்டும் அந்த வேலையும் போனால், தன் அண்ணனின் செங்கல் சூளைக்குத்தான் போகவேண்டும் என்று மனைவி பேச்சியம்மாள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். மைத்துனனிடம் கைகட்டி நிற்பதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது. ஆகவே தன் பங்கு யோசனையையும் சேர்த்து யோசிக்கும் பொறுப்பை அம்பலவாணன் அண்ணாச்சியிடம் ஒப்படைத்துவிட்டான். அண்ணாச்சி விவரமானவர். சுவரொட்டியை எழுத்துக்கூட்டாமலே வாசிப்பார். மற்ற இருவர், மூக்கையாவும் செவத்தியானும், அண்ணாச்சி சொன்னதற்குத் தலையாட்டுவார்கள். சில நாள் அவர் சொல்வதற்கு முன்பே ஆட்டிவிடுவார்கள்.

சனிக்கிழமை காலை கவுன்ட்டரில் அண்ணாச்சி கேட்டார்: "சார், பத்து ரூபாய்க்கு வழியே இல்லையா?"

"பத்து ரூபாய்க்குக் கல்லூரணி வரைக்கும் போகலாம். மிச்சத் தூரத்தை நடந்து போங்க!" என்று எரிந்து விழுந்தார் கவுன்ட்டர்காரர்.

கல்லூரணி, மேலக்கோட்டைக்கு முந்தைய ஸ்டேஷன். அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர்.

"நடக்கணும்னுதான் சொன்னாரு. எங்கே நடக்கணும்னு சொல்லலையே" என்றார் அண்ணாச்சி. "ரோட்டுல வெயில். ரயிலுக்குள்ள ஃபேன் இருக்கு."

தங்கப்பழத்துக்கு மெய்சிலிர்த்தது. இப்படிப்பட்ட மூளை ஒரு குடைக் கம்பெனியில் கிடந்து வீணாகிறதே என்று வருத்தமாகவும் இருந்தது.

நால்வரும் கல்லூரணிக்கு டிக்கெட் எடுத்துக் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தார்கள். கல்லூரணி வந்ததும் யோக்கியமாக எழுந்து, ரயிலுக்குள்ளேயே முன்னால் நடக்க ஆரம்பித்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, கூடைகளைத் தாண்டி, ஏச்சு வாங்கி, முதல் பெட்டிக்கு வந்துவிட்டார்கள். அதற்கு மேல் ரயில் இல்லை. மேலக்கோட்டையும் வரவில்லை.

"திரும்பிப் பின்னால நடப்போமா?" என்றான் செவத்தியான்.

"கூறு கெட்டவனே, முன்னால நடந்ததெல்லாம் கழிஞ்சிரும்லா? மறுபடி கல்லூரணிக்கே போயிருவோம்!"

"அப்போ நிப்போமா அண்ணாச்சி?"

"நின்னா டிக்கெட் கேப்பாங்க."

ஆகவே நால்வரும் நின்ற இடத்திலேயே நடந்தார்கள். டிக்கெட் பரிசோதகர் வந்தபோது காலை மாற்றி மாற்றித் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"டிக்கெட் கல்லூரணி வரைக்கும்தானே?"

"ஆமா சார். அதுக்கப்புறம் நடந்துதான் வர்றோம்" என்றார் அண்ணாச்சி, மூச்சு வாங்க.

பரிசோதகர் முப்பது வருட சர்வீஸ்காரர். ஆனாலும் டிக்கெட்டுகளை இரண்டு தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அபராதத்துக்கு ரசீது எழுதினார். எழுதிக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "அவ்வளவு சிக்கனம்னா பத்து ரூபாய்க்குப் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கிட்டுப் பிளாட்பாரத்துலேயே நில்லுங்கய்யா!" என்றார்.

பத்து ரூபாயை மிச்சம் பிடிக்கப்போய் ஒரு வாரக் கூலி போயிற்று. இந்தக் களேபரத்தில் கம்பெனிக்கும் பிந்திவிட்டார்கள். "இன்னொரு தடவை லேட்டா வந்தா வேலை கிடையாது" என்றார் சூப்பர்வைசர். தங்கப்பழத்தின் கண்முன் செங்கல் சூளை புகைந்தது.

ஆனால் அண்ணாச்சி சாயங்காலம் முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். "அந்த ஆபீசரு நல்ல மனுசன்வே. வழியைச் சொல்லிக்கொடுத்துட்டுல்லா போயிருக்காரு" என்றார்.

மறுநாள் காலை நால்வரும் பிளாட்பாரம் டிக்கெட் வாங்கினார்கள். பிளாட்பாரத்தின் கோடியில் பெயர்ந்து கிடந்த ஒரு சிமென்ட் பலகைக் கல்லை ஆளுக்கொரு மூலையாகத் தூக்கினார்கள். ஏழு பத்து ரயில் வந்ததும் அதைப் பெட்டிக்குள் ஏற்றி, அதன்மேல் ஏறி நின்றுகொண்டார்கள். பலகை சின்னது. ஆளுக்கு ஒரு காலுக்குத்தான் இடம் இருந்தது. அன்றைக்கென்று ரயிலில் கூட்டமும் இல்லை, பெஞ்செல்லாம் காலி. ஆனால் உட்காரவா முடியும்? பிளாட்பாரத்தை விட்டு இறங்கினால் டிக்கெட் செல்லாதே.

அதே பரிசோதகர் வந்தார். டிக்கெட்டைப் பார்த்தார். கல்லைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"பிளாட்பாரம் சார்" என்றான் மூக்கையா.

"நீங்க சொன்ன மாதிரியே நிக்கிறோம் சார்" என்றான் தங்கப்பழம். "பிளாட்பாரம்தான் ஓடுது."

பரிசோதகர் இந்தமுறை ரசீதுப் புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. எந்தக் குற்றத்துக்கு எழுதுவது என்று அவருக்கே விளங்கவில்லை. கல்லூரணியில் நால்வரையும் கல்லோடு இறக்கிவிட்டு, "இது எடுத்த இடத்துக்குப் போய்ச் சேரணும். இல்லைன்னா போலீஸ்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கல்லைக் கொண்டுபோனால் வேலைக்குப் பிந்தும். வேலைக்குப் போனால் போலீஸ் வரும். தங்கப்பழத்துக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது எதிர்த்திசையில் பனைக்குளத்தூர் போகும் ரயில் வந்து நின்றது. அவன் ஓடிப்போய் அதன் கார்டின் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். கார்டு சிரித்துவிட்டு, "சரி ஏத்துங்க, இறக்கிப் போட்டுடறேன். கல்லுக்கு டிக்கெட் எடுத்தாச்சா?" என்றார்.

விளையாட்டுக்குத்தான் கேட்டார். அதற்குள் அண்ணாச்சி கவுன்ட்டருக்கு ஓடிவிட்டார்.

"பனைக்குளத்தூருக்கு ஒண்ணு."

"யாருக்கு?" என்று கேட்டான் செவத்தியான்.

"கல்லுக்குத்தான். நேத்தைய அபராதம் மறந்துபோச்சா?"

டிக்கெட் பறந்துவிடாமல் கல்லின்மேல் சின்னக் கல் ஒன்றைப் பாரம் வைத்தார்கள். கல் ரயிலில் போயிற்று. கல்லுக்கே பத்து ரூபாய் செலவாகிவிட்டதால் நால்வரும் சிக்கனமாக ஐந்து கிலோமீட்டரும் நடந்தார்கள், இந்தமுறை ரோட்டில்.

செருப்பு தேய, தங்கப்பழம்தான் முதலில் ஓடிச் சேர்ந்தான். கம்பெனி கேட் பூட்டியிருந்தது. காவல்காரர் வெளியே வந்து, "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்னய்யா வேலை?" என்றார்.

தங்கப்பழம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். லேட் இல்லை! வேலை போகவில்லை! நால்வரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

"நல்லவேளை லீவு. வேலை நாளா இருந்திருந்தா லேட்டாயிருப்போம்" என்றார் அண்ணாச்சி. பிறகு நெடுநேரம் யோசித்தார். "ஏம்வே ஊருக்குப் போகணும்? திங்கக்கிழமை வரைக்கும் இங்கேயே இருந்துட்டா? போக டிக்கெட் கிடையாது, வர டிக்கெட் கிடையாது. லேட்டுங்கிற பேச்சுக்கே இடமில்லை."

இரண்டு நாளில் முதன்முறையாக ஓர் உருப்படியான யோசனை. காவல்காரர் வாங்கிக் கொடுத்த பன்னையும் டீயையும் சாப்பிட்டுவிட்டு, கேட்டுக்கு வெளியிலேயே துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். தங்கப்பழம் நிம்மதியாகத் தூங்கினான்.

திங்கட்கிழமை பொழுது புலர்ந்தது. வேலை தொடங்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. தங்கப்பழம் கண்விழித்து, கம்பெனி கடிகாரத்தைப் பார்த்து அலறிப் புடைத்து எழுந்தான்.

"அண்ணாச்சி! மணி அஞ்சே கால்! ஊர்ல ஏழு பத்து ரயிலை விட்டுட்டா வேலைக்கு லேட்டாயிருமே!"

நால்வரும் ஓட்டமாக ஓடி, பனைக்குளத்தூருக்கு முழுக் கட்டணம் இருபது இருபது ரூபாய் கொடுத்து, ஐந்தரை ரயிலைப் பிடித்தார்கள்.