தாழிப் பெண்ணின் பல்

பல் டாக்டர் கோமதிநாயகம் மருத்துவமனையை மூடிய கையோடு சீடராகச் சேர்ந்தார். குரு பெர்னதெத், அவருடைய மூத்த மகளைவிட இளையவள். சிவந்திமேட்டில் தோண்டியெடுத்த பழங்காலத் தாழிகளுக்குள் இருந்த மனித எலும்புகளை உதிராமல் காப்பாற்றுவது அவள் வேலை.

எலும்பைப் பற்றித் தனக்கு ஓரளவு தெரியும் என்று சொல்லிக்கொண்டுதான் டாக்டர் வந்தார். அவள் கையில் கொடுத்ததோ ஒரு குவளைத் தண்ணீரும் பருத்தித் துணியும்.

அத்தனை காலம் ஈர மண்ணில் கிடந்த எலும்பு நனைந்த பிஸ்கட் மாதிரி. சட்டென்று காய்ந்தால் பிளந்துவிடும். ஈரத் துணியைப் போர்த்தி, நாளாக நாளாக ஈரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் பிசின் கரைசலைப் பூசலாம். இதெல்லாம் டாக்டருக்குப் புரியாமல் இல்லை. புரிந்துபோன ஒன்றையே தினமும் செய்வதுதான் எரிச்சலாக இருந்தது. நனை, பிழி, போர்த்து. மறுநாளும் நனை, பிழி, போர்த்து. மாதக்கணக்கில் இதே பிழைப்பு.

"என்னை எப்பம்மா ஒரு எலும்பைத் தொட விடுவீங்க?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"தொடணும்னு கை பரபரக்கது நிக்கட்டும் சார்."

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் போய் வந்த கை அது. அதைப் பார்த்து இந்தப் பெண் இப்படிச் சொல்கிறாள்.

அந்த வாரம் அவள் ஒரு கூட்டத்துக்காகத் திருநெல்வேலிக்குப் போனாள். துணியை மட்டும் மாற்றுங்கள், மேசைமேல் இருப்பதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மேசைமேல் இருந்தது ஓர் இளம்பெண்ணின் தாடை. மற்றத் தாழிகளில் பல்லெல்லாம் பொடிந்து மண்ணோடு போயிருக்க, முழுசாகக் கிடைத்தது இது ஒன்றுதான். பல்லை விட்டுவிட்டு எலும்புக்கு மட்டும் பிசின் பூசி, நன்றாக இறுகியிருந்தது.

பல் முழுக்கக் காறை. மஞ்சளும் பழுப்புமாக அப்பிக்கொண்டிருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து ஊரே பார்க்கப்போகிற பெண். அவளை இந்தக் கோலத்திலா நாலு பேர் முன்னால் நிறுத்துவது என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

துணிகளை மாற்றினார். அப்புறம் காரில் கிடந்த தன் பழைய கருவிப் பையை எடுத்துவந்தார்.

ஒரு பல்லுக்குக்கூடக் கீறல் விழவில்லை. அவரைத் தவிர வேறு யாருக்கும் அந்தச் சுத்தம் வராது. சுரண்டியதையெல்லாம் கிண்ணத்துத் தண்ணீரில் அலசி, வாசல் வேப்பமரத்துக்கு ஊற்றினார். இத்தனை மாத எரிச்சலும் இறங்கி, வாய் தானாகப் பாட்டை முணுமுணுத்தது.

சாயங்காலம் பெர்னதெத் வந்தாள். தோளிலிருந்து பையை இறக்காமலே மேசையைப் பார்த்தாள்.

"யாரு செஞ்சது?"

"நாந்தான். பாருங்கம்மா, எப்படிப் பளிச்சுனு இருக்குன்னு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தப் பொண்ணு என்ன சாப்பிட்டா சார்?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"காறைக்குத் தெரியும். தின்ன தானியம், அடுப்புப் புகை, வந்த சீக்கு, எல்லாம் அதுக்குள்ளதான் ஒட்டியிருக்கும். ஆய்வுக்கு அனுப்பத்தான் அப்படியே வெச்சிருந்தேன்."

டாக்டர் வாசலுக்கு ஓடினார். வேப்பமரத்தடி மண் எப்போதோ தண்ணீரைக் குடித்துவிட்டிருந்தது. திரும்பி வந்தவருக்குத் தன் மேல் இருந்த கோபமெல்லாம் அவள் மேல் பாய்ந்தது. காரணத்தைச் சொல்லியிருந்தால் தொட்டிருப்பேனா என்று கத்தினார். தொடாதே என்றதற்கு மேல் என்னத்தைச் சொல்வது என்று அவளும் கத்தினாள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

வயதான காலத்தில் இந்த அவமானம் தேவையா என்று டாக்டர் கருவிகளை அள்ளிப் பைக்குள் போட்டார்.

"நாளையிலேர்ந்து நான் வரலை. அதுதான் உங்களுக்கும் நல்லது."

"போங்க. போறதுக்கு முன்னால சொல்லிட்டுப் போங்க. காறை எந்தப் பக்கம் கூட இருந்துச்சு? உள்பக்கமா, வெளிப்பக்கமா? அடுக்கடுக்கா இருந்துச்சா, ஒரே கட்டியா? அடியில என்ன நிறம்?"

டாக்டர் பையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவள் ஒரு ஸ்டூலை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். குரலில் இப்போது கோபம் இல்லை.

"சொல்லுங்க சார். கிட்ட இருந்து அதைப் பாத்தது இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். கருவியைப் பிடித்த விரல்களின் அழுத்தம் ஞாபகம் வந்தது. சுத்தமாகி வெளியே வந்த பல் ஒவ்வொன்றும் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தியது எதுவும் வரவில்லை.

அவள் காத்திருந்தாள். அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.